பிள்ளையை அடக்குவதா, பெற்றோரைத் தாங்குவதா?

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பது நம் முன்னோர் வாக்கு. நீலமலையின் குளிரில் முருங்கை தழைப்பதில்லை. ஆயினும் இப்பழமொழி மட்டும் சமவெளியிலிருந்து மலையேறி வந்து, தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் நகரத்து மாடி வீடுகளிலும் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஒரு பிள்ளை ஓரிடத்தில் அமராமல் ஓடினால், எடுத்த பொருளை உடைத்தால், எழுதத் தொடங்கிய வரியைப் பாதியிலே விட்டெழுந்தால், "இன்னும் இரண்டு போடு, சரியாகிவிடும்" என்று அறிவுரை கூற அக்கம்பக்கத்தார் பலர் முன்வருவர். இரண்டு போட்டும் சரியாகாத பிள்ளை உண்டு. இருபது போட்டும் சரியாகாத பிள்ளையும் உண்டு. அத்தகைய பிள்ளையையும், அதனைப் பெற்று வளர்ப்போரையும் குறித்தே இத்திங்கள் நம் குடும்பங்களோடு சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

மருத்துவர்கள் இந்நிலையை ஏ.டி.எச்.டி. என்னும் எழுத்துகளால் சுட்டுகின்றனர். கவனம் நிலைகொள்ளாமையும், அளவு மீறிய துடிப்பும், எண்ணிப் பாராமல் செயலில் பாய்வதும் சேர்ந்த ஒரு வளர்ச்சிக் குறை என்று தமிழில் இதனை விளக்கலாம். மேனாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய புது நோய் என்று இதனைக் கருதுவோர் உளர். பெயர்தான் புதிது, பிள்ளை பழையது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் ஐன்ரிக் ஹாப்மன் 1840-களில் சிறுவர்க்கு எழுதிய படப்பாட்டு நூலில், உணவு மேசையில் அமைதியாய் அமர மாட்டாத ஒரு சிறுவன் வருகிறான். இலண்டன் மாநகரில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் என்பார், 1902-ஆம் ஆண்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவில் குறையேதுமின்றி, தம்மை அடக்கியாளும் ஆற்றல் மட்டும் குன்றிய பிள்ளைகளை விரிவாக எடுத்துரைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் 1968-இல் மிகைத் துடிப்பு என்ற அளவிலும், 1980-இல் கவனக் குறைவு என்றும், 1987-இல் இன்றைய பெயராலும் இதனைப் பதிவு செய்தது.

துடிப்புள்ள பிள்ளை எல்லாம் இந்நிலைக்கு ஆளானவன் அல்லன். குழந்தை என்றால் ஓடத்தான் செய்யும். இக்குறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். ஆறு மாதத்திற்குக் குறையாமல் நீடித்தல் வேண்டும். வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ அன்றி, இரண்டிடத்தும் காணப்படல் வேண்டும். பிள்ளையின் கல்வியையும் பழக்கத்தையும் உண்மையாகவே பாதித்தல் வேண்டும். இவையனைத்தையும் விசாரித்தறிந்த பின்னரே மருத்துவர் முடிவு சொல்வார். இதனைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை ஏதும் இல்லை. காது சரியாகக் கேளாத பிள்ளையும், கண் மங்கிய பிள்ளையும், இரவில் உறக்கம் கெட்ட பிள்ளையும் வகுப்பில் கவனமின்றி இருப்பதுண்டு. ஆகவே அவற்றையும் முதலில் சோதித்துப் பார்த்தல் முறையாகும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். இவர்களுள் பலர் ஓடுவதும் இல்லை, உடைப்பதும் இல்லை. சன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பர். ஆசிரியை சொன்னதில் பாதி காதில் விழாது. யாருக்கும் தொல்லை தராத காரணத்தால் யாருடைய கண்ணிலும் படாமல், "மந்தம்" என்னும் பெயரோடு வளர்ந்துவிடுகின்றனர்.

இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? உலக அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து என்பது பெரிதும் ஏற்கப்படும் கணக்கு. நம் மலையடிவாரத்துக் கோயம்புத்தூரில் 770 தொடக்கப்பள்ளிச் சிறாரிடையே நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு 11.32 விழுக்காடு என்று கண்டது. ஆய்வு முறைக்கேற்ப எண் கூடும், குறையும். நூற்றுக்கு ஐந்து என்றே கொண்டாலும், நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில் இருவர் இருப்பர். நம் பங்கின் மறைக்கல்வி வகுப்பிலும் இருப்பர். ஞாயிறு திருப்பலியில் நாம் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கும் அந்தப் பிள்ளையும் அவர்களுள் ஒருவனாக இருக்கக்கூடும்.

மலைவாழ்வில் இக்குறைக்குத் தனிச் சுமைகள் உண்டு. லைன் வீடுகளில் ஒரு வீட்டிற்கும் மறுவீட்டிற்கும் இடையே ஒரே சுவர். பிள்ளையின் கூச்சலும், தகப்பனின் அதட்டலும், தாயின் அழுகையும் வரிசை முழுவதும் கேட்கும். காலையில் தாய் கொழுந்து பறிக்கப் போய்விட்டால், பிள்ளைக் காப்பகத்து ஆயாவோ பாட்டியோதான் பொறுப்பு. எண்ணிப் பாராமல் ஓடும் பிள்ளைக்குச் செங்குத்தான சரிவும், வளைவில் திடீரெனத் தோன்றும் வண்டியும், புதர் மறைவில் நிற்கும் காட்டெருமையும் உண்மையான ஆபத்துகள். மழைக்காலத்தில் நாட்கணக்கில் வெளியே விட இயலாது. சிறப்பு மருத்துவரைக் காணக் கோவைக்கு இறங்குவதென்றால் அன்றைய கூலி போகும். பேருந்துக் கட்டணமும் போகும். ஒரு முறை போய் முடிகிற காரியமும் அன்று.

இவற்றினும் கொடிய சுமை ஒன்றுண்டு. அது பழிச்சொல். ஒரு தோட்டத்துத் தாய் நம்மிடம் கூறியது இது: "சாமி, அவன் அடிபடுவது எனக்கு ஒரு வலி. அவனை நான் சரியாக வளர்க்கவில்லை என்று என் மாமியாரும், பள்ளிக்கூடமும், பக்கத்து வீடும் ஒரே வார்த்தையாகச் சொல்வது இன்னொரு வலி. சில நாள் எனக்கே அது உண்மை என்று தோன்றிவிடுகிறது." கணவர் மனைவியைக் குறை கூறுவார், மனைவி கணவரின் குடியைக் குறை கூறுவார். திருமண வீட்டிற்கும் திருவிழாவிற்கும் போவதை நிறுத்திக்கொள்வர். பின்னர்த் திருப்பலிக்கு வருவதும் குறையும். மற்றப் பிள்ளைகள் தங்களுக்குரிய கவனிப்பை இழந்து மனம் வாடுவர். இவ்வாறு ஒரு பிள்ளையின் குறை ஒரு குடும்பத்தின் தனிமையாக முற்றிவிடுகிறது.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இது இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் வினவியதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் அவ்விரண்டையும் மறுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் நம் நாவு அவ்வினாவை விட்டபாடில்லை. மருத்துவ ஆராய்ச்சியும் இவ்விடத்து அதே மறுப்பைத் தருகிறது. இந்நிலைக்குப் பெருங்காரணம் பரம்பரைக் கூறு. இரட்டைப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வுகள் இதனை வலுவாக உறுதி செய்கின்றன. குறைமாதப் பிறப்பும், பிறக்கையில் எடைக் குறைவும், ஈய நஞ்சும், கருவுற்ற காலத்துப் புகையும் மதுவும் இதனோடு தொடர்புடையவை என்று அறியப்பட்டுள்ளன. தாயின் செல்லமோ தகப்பனின் கண்டிப்பின்மையோ இதனைப் பிறப்பிப்பதில்லை. வளர்ப்பு முறையால் இதனைத் தணிக்கலாம், அல்லது முற்றவைக்கலாம், அது வேறு. அடி முற்றவைக்கும் வகையைச் சேர்ந்தது. தமிழகக் கல்வி விதிகளிலிருந்து 2003-இலேயே உடல் தண்டனை நீக்கப்பட்டதையும், 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் அதனை விலக்கியதையும் நம் ஆசிரியப் பெருமக்கள் அறிவர். பிள்ளையின் மூளை கேட்பது மெதுவான பயிற்சி. பிரம்புக்கு அந்தப் பயிற்சியைத் தரத் தெரியாது.

இனி, பெற்றோர்க்கு என் செய்வது? இதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1957-ஆம் ஆண்டு பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. கனடா நாட்டு மருத்துவர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் அதற்கு வித்திட்டவர். நோயாளியைத் தனியே பூட்டி வைக்கும் வழக்கம் உலகெங்கும் மலிந்திருந்த காலத்தில், குடும்பத்தார் உடன் தங்கியே சிகிச்சை பெறவேண்டும் என்னும் முறை அங்கே கையாளப்பட்டது. வடக்கே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையிலும் மருத்துவர் வித்யாசாகர் 1950-களில் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பத்தாரைத் தங்கவைத்து, அவர்களோடு கூடிப் பேசி வந்தார். குடும்பம் நோய்க்குக் காரணமன்று, மருந்துக்குத் துணை என்னும் எண்ணம் இவ்வாறு நம் மண்ணிலேயே முளைத்தது.

அதே வேலூரில் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1999-இல் பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. பெற்றோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் 10 வாரம் விரிவுரை கேட்டனர். மறுபிரிவினர் அதே 10 வாரம் வட்டமாக அமர்ந்து, வினவியும் விடை கூறியும் தத்தம் அனுபவத்தைப் பகிர்ந்தும் கற்றனர். முடிவில், பிள்ளையைக் குறித்த பெற்றோரின் மனப்பான்மை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களைக் காட்டிலும் கூடிப் பேசியவர்களிடமே நன்கு மேம்பட்டிருந்தது. அது வேறொரு குறையுள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு என்பது உண்மை. ஆயினும் பெற்றோரின் மனச்சுமை ஒரே வகையினது. பிரசங்கம் செய்வதையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இம்முடிவு ஒரு பாடம் அன்றோ!

பெற்றோர் கூடுவதன் வலிமைக்கு வேறு சான்றுகளும் உள. பிரெஞ்சு நாட்டுத் தம்பதியர் இருவர், கடுங்குறையுள்ள தம் இரு மைந்தரோடு லூர்து நகர்த் திருப்பயணக் குழுவில் சேர விரும்பியபோது இடம் மறுக்கப்பட்டது. தாமாகவே சென்றபோதும், உணவை அறைக்குள்ளேயே உண்ணவேண்டும் என்று விடுதி நிபந்தனையிட்டது. அவர்களின் அக்கண்ணீரிலிருந்தே 1971-இல் உயிர்ப்புத் திருவிழாவையொட்டி லூர்து நகருக்குப் பல்லாயிரவர் மேற்கொண்ட பயணமும், விசுவாசமும் ஒளியும் என்னும் இயக்கமும் பிறந்தன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1987-இல் ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கூடித் தொடங்கிய 'சாட்' என்னும் சங்கம் இன்று அந்நாடெங்கும் கிளை பரப்பியுள்ளது. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், எழுத்தறிதலில் இடர்ப்படும் சிறார்க்கு வழிகாட்டி வருகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுள் பலர்க்கு அவ்விடர்ப்பாடும் சேர்ந்தே இருப்பதுண்டு.

நம் பங்கில் இதனைத் தொடங்கப் பெரும்பொருள் தேவையில்லை. தமிழகத்தில் 1989-இல் தருமபுரியில் தோன்றிய மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வழியாக, வட்டமாக அமர்ந்து கணக்குப் பார்க்கவும் கருத்துச் சொல்லவும் நம் பெண்கள் நன்கு பழகியவர்கள். அன்பியக் கூட்டங்களும் நமக்குப் புதியன அல்ல. ஆறேழு குடும்பங்கள், மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் போதும். வேலை நாளில் கூட்டம் வைத்தால் கூலி இழப்பு. ஆகவே ஞாயிற்றுக்கிழமையே உகந்தது. கோவில் முற்றத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வேண்டா. பள்ளியின் ஓர் அறையோ கன்னியர் இல்லத்துக் கூடமோ நலம். அடுத்த அறையில் நம் இளைஞர் இருவர் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தால், பெற்றோர் மனம் விட்டுப் பேசுவர். இந்து, இஸ்லாமியக் குடும்பங்களையும் அழைத்தல் வேண்டும். குறை மதம் பார்த்து வருவதில்லை.

சில ஒழுங்குகள் இன்றியமையாதன. முதலாவது, உள்ளே கேட்டது வெளியே போகலாகாது. தோட்டத்தில் ஒரு செய்தி காலையில் பிறந்தால், கொழுந்து நிறுக்கும் நேரத்திற்குள் எல்லாப் பிரிவுக்கும் பரவிவிடும். இந்த ஒரு விதி உடைந்தால் கூட்டமும் உடையும். இரண்டாவது, ஒருவர் பேசி முடிக்கும் முன் மற்றவர் அறிவுரை கூறலாகாது. "நீ இப்படிச் செய்திருக்கவேண்டும்" என்பதைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்களே அங்கு வருகின்றனர். "எங்கள் வீட்டில் இப்படிச் செய்து பார்த்தோம்" என்பது வேறு; அது மருந்து. மூன்றாவது, தலைமை பெற்றோரிடமே இருக்கவேண்டும். பங்குத்தந்தை கதவைத் திறந்துவிட்டு விலகி நிற்பதே நன்று. நான்காவது, தந்தையரும் வரவேண்டும். தாய் மட்டும் கற்று வந்து, தந்தை பழைய பிரம்பையே எடுத்தால் கற்றது வீண். ஐந்தாவது, ஆண்டில் சில முறையேனும் பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர் ஒருவரை அழைத்து ஐயம் தெளிதல் வேண்டும்.

அக்கூட்டத்தில் என்ன கற்கலாம்? எளிய வழிகளே. ஒரே மூச்சில் ஐந்து கட்டளை இடாமல், அருகே சென்று, கண்ணைப் பார்த்து, ஒரு சொல், ஒரு வேலை. முடித்த கையோடு பாராட்டு. மாலையில் சொல்வோம் என்று தள்ளிவைத்த பாராட்டு இப்பிள்ளைக்கு எட்டாது. வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி, இடையே குடம் எடுத்து வரவோ விறகு அடுக்கவோ அனுப்புதல். எழுவது முதல் படுப்பது வரை அன்றாட ஒழுங்கைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுதல். வகுப்பில் முன்வரிசை இடம் கேட்டுப் பெறுதல். உறங்கும் முன் கைப்பேசியை விலக்குதல். தவறுக்குத் தண்டனை வேண்டுமாயின், முன்பே சொல்லிவைத்த சிறு இழப்பு, அன்றே, அமைதியான குரலில். ஒரு வாரம் செய்துவிட்டுப் பயனில்லை என்று கைவிட்ட தாய்க்கு, ஆறு மாதம் செய்து பலன் கண்ட இன்னொரு தாய் சொல்லும் சொல்லே துணிவு தரும். நூல்களும் மருத்துவரும் தர இயலாதது அத்துணிவு.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கூட்டம் மருத்துவத்திற்கு மாற்றன்று. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை. அதற்கு மேற்பட்டோர்க்கு மருத்துவர் தேவை கண்டால் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்தைப் பரிந்துரைப்பார். அது மருத்துவர் சீட்டின்றிப் பெறலாகாத மருந்து. எல்லாக் கடைகளிலும் கிடைப்பதும் இல்லை. பசியும் உறக்கமும் குறையக்கூடும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பு தொடர வேண்டும். ஒருவர் பிள்ளைக்குத் தந்த மாத்திரையை மற்றொருவர் பிள்ளைக்குக் கொடுப்பது பெருந்தீங்கு. செபம் செய்வோம், நேர்ச்சையும் செய்வோம். ஆனால் மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் காலத்தைக் கழித்து, மருத்துவரைக் காணும் நாளைத் தள்ளிப்போடலாகாது.

உதவி நாம் எண்ணுவதைவிட அருகில் உள்ளது. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்று கண்டறியவேண்டிய 30 குறைகளுள் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. குழு வரும் நாளில், பிள்ளையைப் பற்றிய ஐயத்தை ஆசிரியரும் பெற்றோரும் வாய்திறந்து கூறினால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு வழி பிறக்கும். உதகை அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்காக மட்டுமன்று, மனம் ஒடிந்த தாய் தனக்காகவும் அழைக்கலாம்.

இறுதியாக, இத்தகைய பிள்ளை இல்லாத குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் அமர வேண்டியவர்கள் அப்பெற்றோர். ஆனால் அவர்களைத் தாங்க வேண்டியவர்கள் நீங்கள். திருப்பலியில் அப்பிள்ளை எழுந்தோடினால் திரும்பிப் பார்க்காதீர்கள். உங்கள் இல்லத்துப் பிறந்தநாளுக்கு அவனையும் அழையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம், அவர்களின் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். "நல்லா வளர்த்திருக்கே" என்னும் ஏளனத்தை விட்டு, "உனக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியைத் தம் வாழ்நாளில் ஒருவரும் கேட்டதில்லை என்று கூறும் தாய்மாரை நாம் அறிவோம்.

நம் பங்குகளில் இவ்வாண்டிற்குள் ஒரு பெற்றோர் கூட்டமேனும் தொடங்கட்டும். முதல் மாதம் இருவரே வரலாம். இருவர் வந்தாலே போதும். தனிமை அன்றே உடைந்துவிடும்.